கள்ளுக்கடைக் கணக்கேடும் துப்பறிவாளரின் பழைய போதையும்

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்கான சிறுகதைப் போட்டியொன்றில் நடுவர்களுள் ஒருவராக இருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வந்து குவிந்த கதைகளுள் ஒன்று ஜொகூர் மாநிலத்தின் மாசாயிலிருந்து வந்திருந்தது. அதன் நாயகர் உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர். இளமையில் சம்சுவுக்கும் பின்னர்ப் போதைப்பொருளுக்கும் ஆட்பட்டு மீண்டவர். காணாமற்போன தொழிலாளி ஒருவரைத் தேடித் தருமாறு ஒரு பெண்மணி அவரிடம் வருகிறார். தேடல் அவரைத் தாம் முன்பு குடித்துக் கிடந்த அதே தோட்டத்திற்கு, அதே மனிதர்களிடத்திற்கு இட்டுச் செல்கிறது. எழுத்துப் பிழைகள் நிறைந்த, ஆனால் உயிருள்ள கதை. நாம் அதற்குக் குறைந்த மதிப்பெண்ணே வழங்கினோம். ‘துப்பறிவாளர் பாத்திரம் நம்பத்தக்கதாக இல்லை, குடிப்பழக்கம் உடையவர் துப்பறிவாளராக அமைதல் பொருந்தாது’ என ஓரத்தில் குறிப்பும் எழுதினோம்.

பரிசளிப்பு முடிந்தபின் அம்மாணவரின் தமிழாசிரியர் நம்மைச் சந்தித்தார். மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஐயா, நம் துப்பறிவாளர்களுக்கு மட்டும் கடந்தகாலமே இருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. பொருந்தாது என்னும் எண்ணம் எங்கிருந்து நமக்கு வந்தது, அதற்கு இலக்கிய வரலாற்றிலும் மலாயாத் தமிழர் சமூக வரலாற்றிலும் உள்ள வேர் யாது என்பதைத் தேடியதன் பயனே இக்கட்டுரையாகும்.

துப்பறிவாளரும் போதையும்

ஆங்கிலத் துப்பறியும் புனைவின் தொடக்கத்திலேயே போதை இடம்பெற்றுவிட்டது என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. வில்கி காலின்ஸ் எழுதி 1868-இல் வெளிவந்த ‘மூன்ஸ்டோன்’ என்னும் நாவலை ஆங்கிலத்தின் முதல் முழுமையான துப்பறியும் நாவல்களுள் ஒன்றாகக் கொள்வர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்ட வைரம் ஒன்று இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து மறைகிறது. திருடனைக் கண்டுபிடிக்க முனைபவர்களுள் முதன்மையானவன் பிராங்க்ளின் பிளேக் என்னும் இளைஞன். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அவன் கைக்குக் கிடைக்கும் தடயம் வண்ணம் ஒட்டிய ஓர் இரவாடை. அதில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் அவனுடையது. அவன் அறியாமலேயே அவனுக்கு ஊட்டப்பட்ட அபினி மயக்கத்தில் அவனே வைரத்தை எடுத்திருக்கிறான். இவ்வுண்மையை அறிவியல் முறையில் மெய்ப்பித்துக் காட்டுபவர் எஸ்ரா ஜென்னிங்ஸ். மருத்துவரின் உதவியாளரான அவர், தீராத நோயின் வலிக்காக அபினி உண்டு அதற்கு அடிமையானவர். காலின்ஸே கீல்வாத வலிக்காக லாடனம் எனும் அபினிக் கரைசலை நெடுங்காலம் அருந்தியவர். துப்பறிபவரே குற்றவாளி, அடிமைப்பட்டவரே உண்மையைக் காண்பவர் என்ற இரண்டு எண்ணங்களும் இந்நாவலில் ஒருங்கே அமைந்துவிட்டன.

அந்த அபினி எங்கு விளைந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தின் மருந்துக்கடைகளுக்குப் பெரும்பாலும் துருக்கி அபினியே சென்றது. இந்திய அபினி கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டுக் கிழக்கு நோக்கிக் கப்பலேறியது. சிங்கப்பூர் அதன் வழியில் அமைந்த பெருஞ்சந்தை. இதனைப் பின்னர்க் காண்போம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கொக்கைன் ஊசி போட்டுக்கொள்ளும் காட்சியோடுதான் கானன் டாயிலின் ‘நால்வர் அடையாளம்’ (1890) தொடங்குகிறது. பின்வந்த கதையொன்றில், நண்பர் வாட்சன் அவரை அப்பழக்கத்திலிருந்து சிறிது சிறிதாக மீட்டதாகவும், ஆயினும் அது முற்றிலும் அற்றுப்போகவில்லை எனத் தாம் அஞ்சுவதாகவும் கூறுவார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு, கள்ளச் சாராயத்தையும் கூலிப்படைகளையும் வளர்த்ததோடு அவற்றினூடே நடமாடும் குடிகாரத் துப்பறிவாளர்களையும் புனைவில் வளர்த்தது. எனினும் குடியைக் கடந்தகாலக் காயமாகவே கொண்டு ஒரு துப்பறிவாளரை நெடுந்தொடராக வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர் லாரன்ஸ் பிளாக் எனலாம். அவருடைய மாத்யூ ஸ்கட்டர் 1976-இல் அறிமுகமானவர். தாம் சுட்ட குண்டு தெறித்து ஒரு சிறுமி இறந்தபின் காவல் பணியை விட்டவர். 1982-இல் வந்த ‘இறப்பதற்கு எண்பது இலட்சம் வழிகள்’ என்னும் பொருள்படும் நாவலின் இறுதியில், கொலையாளி யார் என்பது தெரிந்த பின்னரும் கதை முடிவதில்லை. குடிநோயாளர் கூட்டத்தில் எழுந்து நின்று தம்மை இன்னாரென்று அவர் ஒப்புக்கொள்ளும் இடத்திலேயே அது முடிகிறது. குடிநோயாளர் தம்முள் கூடி ஒருவர்க்கொருவர் உதவும் அவ்வமைப்பு 1935-இல் தோன்றியது. குடியைப் பாவமாக அல்லாமல் நோயாகக் காணும் பார்வை பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அப்பார்வை வேரூன்றாத சமூகத்தில் இத்தகைய நாயகர் பிறத்தல் அரிது.

தேநீர் அருந்தும் நாயகர்

தமிழில் நிலைமை வேறு. 1894-இல் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி எழுதிய ‘தானவன்’ தமிழின் முதல் துப்பறியும் நூலாகக் கருதப்படுகிறது. அடுத்த தலைமுறையில் ‘ஆனந்தபோதினி’ ஆசிரியர் ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸைத் தழுவி ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளரைத் தமிழ் வாசகர்க்கு அளித்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வந்தனர். திகம்பர சாமியார் என்னும் பெயரே நோக்கத்தக்கது. துப்பறிபவர் துறவிக்கு நிகரானவர் என்பதை அப்பெயர் உணர்த்திவிடுகிறது. 1942-இல் ‘ஆனந்த விகட’னில் தேவன் படைத்த சாம்பு, அறிவால் அன்றி நல்வாய்ப்பால் வெல்பவன். அவனிடம் குறைகள் பல உண்டு, கறை கிடையாது.

இவ்வரிசையில் நமக்கு மிகவும் உதவும் சான்று தமிழ்வாணனின் சங்கர்லால். அவருடைய அடையாளமே தேநீர்தான். சிக்கலான வழக்கு வரும்போதெல்லாம் கோப்பை கோப்பையாகத் தேநீர் அருந்திச் சிந்திப்பவர் அவர். மதுவிலக்கு 1937-இல் இராஜாஜியின் ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சங்கர்லால் தழைத்த காலம் அம்மதுவிலக்குக் காலமேயாகும். அமெரிக்க மதுவிலக்கு குடிக்கும் துப்பறிவாளரை ஈன்றது. சென்னை மதுவிலக்கோ தேநீர்த் துப்பறிவாளரை ஈன்றது! ஒரே சட்டம் இருவேறு நாட்டில் இருவேறு நாயகரைப் படைத்தமைக்குக் காரணம், நம் மதுவிலக்கு நாட்டு விடுதலை இயக்கத்தின் அறக்கொள்கையாக வந்தமையே என நாம் கருதுகிறோம். கள்ளுக்கடை மறியலில் நின்றவர்களின் தலைமுறைக்குக் குடிக்கும் நாயகர் கற்பனைக்கும் எட்டாதவர்.

1968-இல் ‘நைலான் கயிறு’ வழி வந்த சுஜாதாவின் கணேஷும், அவருடன் பின்னர் இணைந்த வசந்தும் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். ஆனால் அங்கே புகையும் மதுவும் நகர நாகரிகத்தின் அடையாளங்கள். காயத்தின் அடையாளங்கள் அல்ல. பின்வந்த மலிவுப்பதிப்பு நாவல் தொடர்களில் துப்பறிவாளர் இணையர் பலர் உலவினர். அவர்களைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை. போதை தமிழ்த் துப்பறியும் கதையில் இல்லாமல் இல்லை. அது எப்போதும் மறுபக்கத்தில் இருந்தது: வில்லனின் கிண்ணத்தில், அடியாளின் வாயில், கூலித் தொழிலாளியின் குடிசையில். துப்பறிபவர் மேலே நின்று தீர்ப்பளிப்பவர். போதை கீழே இருப்பவர்க்குரியது. மாசாய் மாணவரின் கதைக்கு நாம் எழுதிய ஓரக்குறிப்பின் ஊற்று இதுவேயாகும்.

ஆறும் தோட்டமும்

இப்போது மாசாய்க்குத் திரும்புவோம். ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் இடைப்பட்ட இச்சிற்றூர் இன்று தொழிற்சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே உள்ளது. 1970-களில் பாசிர் கூடாங் தொழில் நகராக வளரத் தொடங்கி, 1977-இல் ஜொகூர் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் சுற்றிலுமிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் படிப்படியாக வீட்டுமனைகளாயின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன.

ரப்பருக்கு முன்பு இப்பகுதியில் கறுப்பு மிளகும் காம்பியரும் விளைந்தன. 1844 முதல் ஜொகூர் ஆட்சியாளர் ஆற்றுப் பத்திரங்களை வழங்கிச் சீனக் குடியேற்றத் தலைவர்களிடம் ஆற்றங்கரைகளை ஒப்படைத்தனர். ‘காங்சூ’ எனப்பட்ட அத்தலைவர்களுக்குப் பயிரிடும் உரிமையோடு அபினி, சாராயம் விற்றல், சூதாட்டம் நடத்தல், அடகு பிடித்தல் ஆகியவற்றின் உரிமைகளும் சென்றன. தொழிலாளிக்குக் கூலி கொடுத்த கையே அபினியையும் விற்றது. கூலி புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது. கடனில் மூழ்கியவன் தோட்டத்தை விட்டு வெளியேற இயலாது. இம்முறை 1917-இல் ஒழிக்கப்பட்டது. அபினி வரலாற்றை ஆராய்ந்த கார்ல் டிராக்கி, ஜொகூர், சிங்கப்பூர் ஆகியவற்றின் பொருளாதாரம் இக்குத்தகைகளோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் நெடுங்காலம் ஏறத்தாழச் செம்பாதி அபினியிலிருந்தே வந்தது. 1908-இல் அபினி ஆணையம் அறிக்கை அளித்தபின், அரசு குத்தகையை நீக்கிவிட்டு 1910 முதல் தானே விற்பனையை மேற்கொண்டது. வணிகர் நீங்கினர், வருவாய் நீங்கவில்லை. முழுத்தடை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, 1946-இல் வந்தது.

சீனத் தொழிலாளிக்கு அபினி. தமிழ்த் தொழிலாளிக்குக் கள். 1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழர் வந்தனர். 1907-இல் அமைந்த இந்தியர் குடியேற்றக் குழு பயணச் செலவை ஏற்றது. தோட்டத்தில் ஆயக்கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு கள்ளுக்கடையும் ஒரு நிறுவனமாக நிலைபெற்றது. தென்னை மரத்திலிருந்து காலையில் இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். மறுநாள் அது காடி. ஆகவே கள்ளை இறக்கிய இடத்தருகே, இறக்கிய நாளிலேயே விற்றாக வேண்டும். மாலையில் வேலை முடித்துக் களைத்து வருபவரின் வழியில் கடை அமைவதற்கு இத்தன்மையும் ஒரு காரணம். கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளர் கள்ளச் சாராயத்தை நாடுவர் என்பது தோட்ட நிருவாகங்களின் வழக்கமான வாதம். கள் சத்துள்ள பானம் என்ற வாதமும் உண்டு. இரண்டிலும் சிறிதளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாதங்களை எடுத்துரைத்தவர்க்குத் தொழிலாளி வெளியே போகாமல் தோட்டத்திற்குள்ளேயே இருப்பது வசதி என்பதும் உண்மையே.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துவது ஒன்றுண்டு. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென்று தனி நிதியாகச் சேர்க்கப்பட்டது. விழாவுக்கும் விளையாட்டுக்கும் பிற பொது வசதிகளுக்கும் அதிலிருந்து செலவிட்டனர். முதலாளி தம் கையிலிருந்து தரவேண்டிய வசதிக்குத் தொழிலாளியின் குடி பணம் கட்டியது. அதிகம் குடித்தவன் தன் தோட்டத்துக்கு அதிகம் கொடுத்தவன்! அவனைக் குடிகாரன் என்று பழித்தவர்களும் அந்நிதியில் நடந்த திருவிழாவைக் கண்டு களித்திருப்பர். குற்றவாளி யார் என்று துப்பறிவாளர் கேட்பாராயின், தடயங்கள் கொலைக்கருவியை நோக்கி அல்ல, இக்கணக்கேட்டை நோக்கியே செல்லும்.

தொழிலாளர் இதனை அறியாதவர்களாக இருந்தனர் எனக் கொள்வது பிழை. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றது. இக்கோரிக்கையை வெறும் ஒழுக்கக் கோரிக்கையாகக் காண்பது குறைப்பார்வை. மிதிவண்டியும் கள்ளும் ஒரே பட்டியலில் இருப்பதை நோக்குக. இரண்டும் தன்மதிப்புப் பற்றியவை. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படைகள் வரவழைக்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது.

போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய இராணுவ அனுபவத்தின் சுவடுகள் அதன் அணிவகுப்பிலும் கட்டுப்பாட்டிலும் தெரிந்தன. 1947-இன் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைக்கு எதிரான மறியலைக் காவல்துறை வன்முறையால் கலைத்தது. தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். தொண்டர்கள் குடித்தவரைக் கண்காணித்தனர், கண்டித்தனர், சிலவேளை தண்டிக்கவும் செய்தனர். இங்குத்தான் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. இயக்கத்தின் கோபம் கடையை நோக்கியதாக இருந்த வரையில் அது விடுதலைக் குரல். குடித்தவரை நோக்கித் திரும்பிய கணத்திலோ அது தமிழ்த் துப்பறியும் கதையின் குரலாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் போற்றும் வழக்கம் நம் வரலாற்று நூல்களில் உள்ளது. அதனை மறு ஆய்வு செய்தல் வேண்டும்.

கள்ளின் இடத்தைப் பின்னர்ச் சம்சு பிடித்தது. மலிவான வடிசாராயத்தில் மெத்தனால் கலந்தால், உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். 1981-இல் கெடாவின் லூனாசில் சம்சு அருந்தியவர்கள் இறந்த துயரம் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலுக்குப் பின்புலமாயிற்று. அந்நாவலை உள்துறை அமைச்சு 2020-இல் தடை செய்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைப்படம் (2015), தோட்டத்திலிருந்து புறநகர்க்குத் தள்ளப்பட்ட குடும்பமொன்றில் குண்டர் கும்பலும் போதையும் எவ்வாறு நுழைகின்றன என்பதைச் சிறுவன் ஒருவனின் கண் வழியே காட்டியது.

போதைப்பொருளை 1983-இல் அரசு நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என அறிவித்தது. அவ்வாண்டிலேயே கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையும், அடிமைப்பட்டோர்க்கு ஈராண்டு மையச் சிகிச்சையும் அதன்பின் கண்காணிப்பும் சட்டமாயின. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவரை அண்டை வீட்டார் நோக்கும் பார்வையைச் சட்டத்தால் நீக்க இயலவில்லை. மாசாயில் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் இதனை நம்மைவிட நன்கறிவார். தந்தையின் பெயரைக் கேட்டால் தலைகுனியும் பிள்ளை அவர் முன் அமர்ந்திருக்கிறது.

மீண்டும் கதைத்தாள்

தனியார் துப்பறிவாளர் என்னும் பாத்திரமும் மலேசியத் தமிழ் வாழ்வுக்கு அயலானதன்று. 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டம் அத்தொழிலை நெறிப்படுத்துகிறது. 2006-இல் மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் கொலை வழக்கில் முன்னாள் காவலரான தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்பிரமணியத்தின் பெயர் நாடறிந்ததாயிற்று. 2008 ஜூலையில் அவர் அளித்த சத்தியப் பிரமாணமும், மறுநாளே அதற்கு மாறாக அளித்த மற்றொன்றும் இன்றும் பேசப்படுகின்றன. அவர் 2013-இல் காலமானார். புனைவின் தேநீர் நாயகரினும் இந்நாட்டு நாளிதழ் வாசகர்க்கு அவரே நெருக்கமானவர். ஆகவே ‘நம்பத்தக்கதாக இல்லை’ என்னும் நம் தீர்ப்புக்கு இலக்கிய மரபைத் தவிர வேறு சான்று கிடையாது.

நம் மரபில் அத்தகைய நாயகர் இல்லாமற்போனது இழப்பே. குடியிலிருந்து மீண்டவர் துப்பறிவாளரானால், வெளியே இருக்கும் குற்றவாளியைத் தேடும்போதே தம்முள்ளும் தேடியாக வேண்டும். தமக்கு ஊற்றிக் கொடுத்தவர் யார், அதில் பயன்பெற்றவர் யார், தாம் எவருக்கு இழைத்த தீங்குக்கு இன்னும் கணக்குக் கொடுக்கவில்லை என்னும் மூன்று வினாக்களும் அவரிடம் ஒன்றாகவே எழும். முதலிரண்டை மட்டும் கேட்டால் அது அரசியல் மேடைப் பேச்சாகிவிடும். மூன்றாவதை மட்டும் கேட்டால் மதுவிலக்குப் பிரசாரமாகிவிடும். மலாயாத் தமிழர் வரலாற்றைப் பற்றிய நம் எழுத்துகள் இவ்விரண்டு பக்கங்களில் ஒன்றில் சாய்வதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. நம் எழுத்தும் அதற்கு விலக்கன்று.

அண்மையில் அக்கதைத்தாளை மறுபடியும் எடுத்துப் படித்தோம். காணாமற்போனவர் கள்ளச் சம்சு காய்ச்சும் கும்பலிடம் கடன்பட்டவர் என்பது கதையின் நடுப்பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. அதன்பின் மாணவர் ஒன்றரைப் பக்கத்திற்கு வேறொன்றை எழுதியிருக்கிறார். துப்பறிவாளர் கைவிடப்பட்ட தோட்ட அலுவலகத்திற்குள் நுழைகிறார். கறையான் அரித்த கணக்கேடு ஒன்று கிடக்கிறது. கள்ளுக்கடைப் பற்றுக் கணக்கு. அதில் தம் தாத்தாவின் பெயரும் பெருவிரல் ரேகையும் இருப்பதைக் காண்கிறார். மாதக் கடைசியில் கழிக்கப்பட்ட தொகையைக் கூட்டிப் பார்க்கிறார். கணக்கு ஒத்துவரவில்லை, மீண்டும் கூட்டுகிறார். வெளியே மழை பெய்கிறது. பிறகு ஏட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காணாமற்போனவரின் வீட்டிற்குச் செல்கிறார்.

அம்மாணவர் காலின்ஸைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இரவாடையில் தன் பெயரைக் கண்ட பிளேக்கும், ஏட்டில் தாத்தாவின் ரேகையைக் கண்ட மாசாய்த் துப்பறிவாளரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தின் எதிரே சிவப்பு மையில் ‘கதைக்குத் தேவையற்ற பகுதி’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து நம்முடையது.

இந்தப் பருவத்தில் மூன்றாமாண்டு மாணவர்களுக்குக் கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளைப் பாடமாக வைத்தபோது, கதையாசிரியரின் இசைவோடு, பெயரை நீக்கி அக்கதையையும் உடன் வைத்தோம். சிவப்பு மைக் குறிப்பை அழிக்காமலே படியெடுத்துக் கொடுத்தோம்.